மறைப்பு எண்

ஆகஸ்ட் 4, திங்கள்

மீனவர் சங்கத்தில் இன்று கூட்டம். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து பூங்கோதை என்ற பெண் வந்திருக்கிறாள், வயது இருபத்தாறு இருக்கும். வள்ளம் ஒவ்வொன்றும் மீன்பிடிக்கப் போகும் இடங்களை க்ளவுடில் பதிந்து வைக்கும் திட்டம் அவளுடையது. வள்ளம் காணாமல் போனால் எங்கே தேடுவது என்று உடனே தெரியும். பதிந்தவர்களுக்கு லைஃப் ஜாக்கெட்டும் வயர்லெஸ் பெட்டியும் இலவசம்.

ஒவ்வொரு வள்ளத்துக்கும் தனிக் கோப்பு. வள்ளக்காரர் திறக்கலாம், ஆபத்து நேரத்தில் சங்கச் செயலாளர் திறக்கலாம், வேறு யாரும் முடியாது. செயலாளர் என்பது நான்தான்.

"உங்க பாயிண்ட் எல்லாம் வேற ஊர்ல இருக்குற பெரிய கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்குங்க" என்றாள்.

"எந்த ஊரு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"மும்பைப் பக்கம்னு நினைக்கிறேங்க."

"மும்பையிலயும் கடல் இருக்கு, அங்கயும் வள்ளம் இருக்கு" என்றார் தலைவர் வியாகுலம். கூட்டம் சிரித்துக் கலைந்தது. நாற்பத்தாறு வள்ளங்களில் பதிவு: பூஜ்யம். வடை மிஞ்சிவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

பதிவு பூஜ்யம். மின்விசிறிக்குக் கெப்பாசிட்டர் மாற்றினேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள் என்று பூங்கோதை கேட்டாள். சொன்னேன்.

கடலுக்கடியில் பாறைத் திட்டு இருக்கும் இடம்தான் பார். மீன் அங்கேதான் கூடும். ஒரு பாரைக் கண்டுபிடித்தவன் ஊருக்குச் சொல்ல மாட்டான். அப்பன் கடலுக்குப் போவதை நிறுத்தும் நாளில்தான் மகனுக்கே முழுதாகத் தெரியும். வயர்லெஸ்ஸில் எங்கே நிற்கிறாய் என்று கேட்டால் மேற்கே நிற்பவன் தெற்கே என்பான். கேட்டவனுக்கும் அது தெரியும். யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை.

நோட்டில் குறித்து வைக்கும்போதும் ஜிபிஎஸ் காட்டும் எண்ணை அப்படியே எழுதுவதில்லை. வீட்டுக்கு ஓர் எண் உண்டு. அதைக் கூட்டியோ கழித்தோ எழுதுவார்கள். மறைப்பு எண் என்று பேர். நோட்டு தொலைந்தாலும் பார் தொலையாது. மறைப்பு எண்ணை வீட்டுப் பெண்களிடம்கூடச் சொல்வதில்லை.

"ஆதார் நம்பரை எல்லாருக்கும் குடுக்கறாங்களே சார்?"

உண்மைதான். ஆதார் எண்ணைச் சோப்பு விற்க வருகிறவனுக்கும் சொல்வார்கள். பாரைச் சொல்ல மாட்டார்கள். ஆதாரை எடுத்துக்கொண்டு போய் எவனும் மீன் பிடித்துவிட முடியாதே.

ஆகஸ்ட் 18, திங்கள்

சூசையடிமை வந்தார். என்னோடு பத்தாம் வகுப்பு வரை படித்தவர். பாஸாகி நான் மேசைக்கு வந்தேன், பெயிலாகி அவர் கடலுக்குப் போனார். எங்களில் யார் பாஸ் என்று அவ்வப்போது கேட்பார். வள்ளங்கள் இறங்கும் இந்தத் துறையில் அவர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். மகன் அஜினோடு மட்டும்தான் கடலுக்குப் போவார். கூலிக்கு ஆள் ஏற்றினால் பார் வெளியே போய்விடும் என்பது அவர் கட்சி.

"வே இன்னாசி, இந்தப் பொட்டியத் தொறக்கது நீருதானா?"

"நான் மட்டும்தான். அதுவும் ஆபத்துன்னாத்தான்."

"அப்பம் எழுதும். பொட்டி மும்பையில இருக்கட்டும், லண்டன்ல இருக்கட்டும், எனக்கு அதப்பத்தி ஒரு மயிரும் தெரியாது. ஒம்மத் தெரியும்."

மறைப்பு எண் போட்டா, போடாமலா என்று கேட்டேன்.

"போடாமத்தான். நாளைக்கி என்னையத் தேடுகவன் எங்கயாவது போய்த் தேடவா?"

பூங்கோதையின் போனில் அவரே எண்களைத் தட்டினார். ஏழு பார். ஏழாவதைத் தட்டும்போது மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தட்டினார். கூனம்பார். அவர் அப்பா காலத்துப் பார், இருபத்தெட்டு மைல் தெற்கே.

வேண்டுமென்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம், மாற்றினால் பழைய எண் அடியோடு அழிந்துவிடும், கம்பெனியாலும் திரும்ப எடுக்க முடியாது என்று பூங்கோதை விளக்கினாள். "நல்லதுதான் பிள்ளே" என்று எழுந்து போனார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முப்பத்தொரு வள்ளங்கள் பதிந்தாயிற்று. சூசையடிமை போட்டுவிட்டார் என்ற ஒரு வார்த்தைதான் காரணம். பூங்கோதை மூன்று வாரமாகப் படம் போட்டுக் காட்டியதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். அவளிடம் இதைச் சொல்லவில்லை. லைஃப் ஜாக்கெட் விநியோகம். கையெழுத்துப் பதிவேட்டில் இரண்டு பக்கம் கரையான்.

செப்டம்பர் 5, வெள்ளி

மகள் ஷெர்லின் வந்திருக்கிறாள், பெட்டியோடு. மருமகன் ரெக்ஸனுக்குப் பக்கத்துத் துறை. புது வள்ளம் இறக்கி நாலு மாதமாகிறது. அவர் சின்னப் பையனாக இருக்கும்போதே அவருடைய அப்பா கடலில் இறந்துபோனார், அதனால் குடும்பத்துப் பார் என்று ஒன்றும் அவருக்கு வந்து சேரவில்லை. போகும் நாளெல்லாம் ஐஸை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறார்.

"அவ்வோ இப்பம் பேசுகதே இல்லப்பா. வலையப் பாத்துக்கிட்டே இருக்காவ" என்றாள். அவள் அம்மா கித்தேரி சாப்பிடச் சொன்னாள். சாப்பிடவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

மருமகன் ரெக்ஸன் சங்கத்துக்கு வந்தார். கம்ப்யூட்டரில் காற்று நிலவரம் பார்த்தோம். அப்படியே பதிவுகள் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று ஒரு கோப்பைத் திறந்து சரிபார்த்தேன். சூசையடிமையுடையது. மருமகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெயிலில் வந்தவர், தாகமாக இருக்குமே என்று தண்ணீர் எடுத்துவரப் போனேன். வரும்போது அவர் எழுந்துவிட்டிருந்தார். நாலே முக்காலுக்குச் சங்கத்தைப் பூட்டினேன்.

செப்டம்பர் 13, சனி

கரையானுக்கு மருந்து அடித்தேன். நெடி போகவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

மருமகனுக்கு நேற்று நல்ல மீன்பாடு. ஆள் உயரக் கலவா மீன் மட்டும் பதினேழாம். ஷெர்லின் போன் செய்து அழுதாள், சந்தோஷத்தில்தான். ஞாயிற்றுக்கிழமை புறப்படுகிறாள். எனக்கும் மனம் நிறைந்திருந்தது. ஒரு தகப்பனுக்கு இருக்கக் கூடாதா?

அந்த அளவுக் கலவா இந்தப் பக்கத்தில் ஒரே பாரில்தான் விழும் என்று ஏலக்கூடத்தில் பேசிக்கொள்கிறார்களாம். பேசுவார்கள். கரையில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறு என்ன வேலை?

செப்டம்பர் 22, திங்கள்

அவசரக் கூட்டம். அறை கொள்ளவில்லை. மினிட்ஸ் நான் எழுதினேன். அதில் ஏறாதது இங்கே.

கூனம்பாரைக் கம்பெனிக்காரன் பக்கத்துத் துறைக்கு விற்றுவிட்டான் என்பது ஊரின் முடிவு. பூங்கோதை எழுந்து நின்றாள்.

"யாருக்கும் விக்கலைங்க. ஒரு கோப்பை யார், எந்தத் தேதியில, எத்தனை மணிக்குத் திறந்தாங்கன்னு அதிலயே பதிவாகும். இந்த லேப்டாப்ல இருக்கு. நீங்களே வந்து பாருங்க."

தலைவர் வியாகுலம் எழுந்தார். "திருடுனவனே எழுதி வச்ச டைரிய நாங்க படிக்கணுமாக்கும்? ஒங்க மெஷின் என்னத்தையும் எழுதும்."

"ஒரே ஒரு தடவை பாருங்க சார்."

யாரும் வரவில்லை. அவள் லேப்டாப்பைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். அப்போது சூசையடிமை முதல் வரிசையிலிருந்து எழுந்து வந்து அதை மூடினார். மெதுவாகத்தான் மூடினார்.

"பாக்க வேண்டாம் பிள்ளே. தொறக்கது இன்னாசிதான். இன்னாசிய நான் சின்ன வயசுல இருந்து பாக்கேன். அதுக்கு மேல ஒரு பொட்டி வந்து எனக்குச் சாட்சி சொல்ல வேண்டாம்."

கூட்டம் கை தட்டியது. நான் எழுதிக்கொண்டிருந்தேன். 'விவாதத்துக்குப் பின் பதிவேட்டைப் பார்வையிடத் தேவையில்லை என ஒருமனதாக முடிவாயிற்று.'

செப்டம்பர் 23, செவ்வாய்

காலையில் பூங்கோதை வந்தாள். நாற்காலியில் உட்காரவில்லை.

"நான் அந்தப் பதிவைப் பார்த்துட்டேன் சார். நீங்களே சூசையடிமை சார்கிட்ட சொல்லிருங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

டீ சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். மதியப் பேருந்தில் ஊருக்குப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு வேறு ஆள் வருவதாகத் தெரியவில்லை. திட்டம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

சூசையடிமை வந்தார். பதிவில் திருத்தம் செய்ய வேண்டும் என்றார். அவர் போனிலேயே செய்துகொள்ளலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை என்றேன்.

"கேக்க வரல. ஒம்மகிட்ட சொல்லிட்டுச் செய்யலாம்னு வந்தேன்."

மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஏழு எண்களையும் மாற்றினார். நேரம் பிடித்தது, கண்ணாடி கொண்டுவரவில்லை. முடித்துவிட்டு எழுந்தார்.

"மருமவன் சொவமா இருக்காரா?"

"இருக்காரு."

"நல்லா இருக்கட்டும். ஷெர்லின் நம்ம பிள்ளதான."

அன்பான மனிதர். இப்படி வீட்டு நலம் விசாரிக்கிறவர்கள் இந்த ஊரில் குறைவு. அவர் போன பிறகு வெகு நேரம் மண்ணெண்ணெய் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே விண்ணப்பத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

மாதாந்திர அறிக்கைக்காக வரைபடத்தைத் திறந்தேன். கோப்பைத் திறக்காமல் அதில் தோராயமான புள்ளிகள் மட்டும்தான் தெரியும். சூசையடிமையைப் பார்த்து எல்லாரும் மறைப்பு எண்ணைப் போட்டுவிட்டார்கள். நான்கு வள்ளங்களின் பார் இப்போது மகேந்திரகிரி மலைமேல் இருக்கிறது. ஒன்று நாகர்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில். அங்கே கலவா கிடைத்தால் நல்லதுதான்.

யாரும் பதிவிலிருந்து விலகவில்லை. விலகினால் வயர்லெஸ் பெட்டியைத் திருப்பித் தர வேண்டும். ஆகவே பெட்டியும் இருக்கிறது, பதிவும் இருக்கிறது, உள்ளே இருப்பது ஒன்றும் மெய்யில்லை. மேலிடத்துக்கு எழுத வேண்டும். எழுதினால் ஏன் மாற்றினார்கள் என்று கேட்பார்கள். 'பதிவுகள் 31, நிலை திருப்திகரம்' என்று அனுப்பினேன்.

நவம்பர் 6, வியாழன்

பிற்பகலில் எதிர்பாராத காற்று. எல்லா வள்ளமும் கரை ஏறிவிட்டது, சூசையடிமையுடையது தவிர. வயர்லெஸ்ஸில் பதில் இல்லை.

நவம்பர் 7, வெள்ளி

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை 6.30. மீட்புக் குழு அதிகாரி சங்கத்துக்கு வந்தார். வானம் வெளுத்துவிட்டது, ஆனால் காற்று அடங்கவில்லை. நம் வள்ளங்கள் இறங்க முடியாது, ஹெலிகாப்டர்தான் போக வேண்டும். தேடும் இடம் சொல்லுங்கள் என்றார். கோப்பைத் திறந்தேன். ஏழு எண்களையும் வாசித்தேன். சூசையடிமையின் மனைவி மதலேனாள் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஊரே நின்றது.

7.00. அந்த எண்கள் மெய்யல்ல என்று எனக்குத் தெரியும்.

8.40. முதல் இரண்டு இடங்களிலும் ஒன்றுமில்லை. மூன்றாவது எண் கரைமேல் விழுகிறது என்று அதிகாரி கோபப்பட்டார். மறைப்பு எண் போட்டிருப்பார் என்று தலைவர் வியாகுலம் விளக்கினார். அந்த எண் என்ன என்று கேட்டார்கள். அது தெரிந்த இருவரும் கடலில் இருந்தார்கள். கம்பெனிக்குப் போன் செய்தார்கள். பூங்கோதைதான் பேசினாள். பழைய எண்கள் அழிந்துவிட்டன என்றாள்.

9.30 முதல். மதலேனாளிடம் எல்லாரும் கேட்டார்கள். "அவ்வோ எங்கிட்ட எதும் சொல்ல மாட்டாவளே, எங்கிட்ட எதும் சொல்ல மாட்டாவளே" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு யோசிக்க ஆரம்பித்தாள். மாமனார் செத்த தேதி, பழைய வள்ளத்தின் எண், அஜினுக்கு ஞானஸ்நானம் கொடுத்த நாள். விரல் விட்டு எண்ணினாள். பதினொன்றரைக்குப் பதினேழு என்றாள். "பதினேழுதான். ஒரு தரம் தூக்கத்துல சொன்னாவ." ஹெலிகாப்டர் பதினேழைக் கூட்டியும் கழித்தும் போய்த் தேடியது. இல்லை.

இவ்வளவு நேரமும் நான் என் நாற்காலியில் இருந்தேன். கூனம்பாரின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இரண்டும் எனக்கு மனப்பாடம். எண்கள் எனக்கு மறப்பதில்லை, இந்த மேசையில் முப்பது வருஷம் அதைத்தானே செய்கிறேன். சொன்னால் உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். ஒவ்வொரு முறை ஹெலிகாப்டர் கிளம்பும்போதும் இந்த முறை கிடைத்துவிடுவார்கள், நான் சொல்ல வேண்டியிருக்காது என்று நினைத்தேன். பயந்தேன். அதற்கு வேறு பெயர் இல்லை.

தண்ணீர் எடுத்துவரப் போனேன் என்று செப்டம்பரில் எழுதியிருக்கிறேன். சங்கத்துத் தண்ணீர்ப் பானை என் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் வெளியே போய் நின்றேன்.

1.40. மருமகன் பைக்கில் வந்தார். கூனம்பார் விவகாரத்துக்குப் பிறகு பக்கத்துத் துறையோடு ஊருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, செய்தி அங்கே தாமதமாகத்தான் போயிருக்கிறது. என்னைத் தனியே கூப்பிடவில்லை, எல்லார் முன்னாலும் நின்று கேட்டார். "மாமா, நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?"

1.50. சொன்னேன்.

3.35. கூனம்பாரில் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. நங்கூரக் கயிறு பாரில் சிக்கியதால் அடித்துக்கொண்டு போகவில்லை. அஜின் அதன்மேல் படுத்திருந்தான், உயிரோடு. சூசையடிமை கயிற்றில் கட்டப்பட்டுக் கிடந்தார், உயிரில்லை. மகன்தான் கட்டியிருக்கிறான்.

நவம்பர் 8, சனி

ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே விடவில்லை. வராந்தாவில் நின்றபோது அஜின் அதிகாரியிடம் சொன்னது கேட்டது.

"ராத்திரி முழுக்கப் பேசிக்கிட்டேதான் இருந்தாவ. காலையில ஹெலிகாப்டர் சத்தம் தூரத்துல கேட்டுச்சு. இன்னாசி சொல்லிருப்பான், இப்பம் வந்துருவானுவன்னு சொன்னாவ. சூரியன் உச்சிக்கு வந்து கொஞ்ச நேரம் வரைக்கும் பேச்சு இருந்துச்சு."

உச்சிக்கு வந்து கொஞ்ச நேரம் என்றால் பன்னிரண்டரை.

கோப்பைத் திறந்து காட்டியது நான்தான் என்று சூசையடிமைக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கூட்டத்தில் லேப்டாப்பை மூடியபோதே தெரிந்திருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

அடக்கம். கல்லறைத் தோட்டத்தின் சுவருக்கு வெளியே நின்றேன்.

நவம்பர் 17, திங்கள்

சங்கக் கூட்டம். பூங்கோதையை வரவழைத்திருந்தார்கள். கோப்பை யார் திறந்தார் என்ற பதிவை எல்லாருக்கும் காட்டினாள். செப்டம்பர் 12, மாலை 4.15, செயலாளர். திறந்திருந்த நேரம் ஆறு நிமிடம். இந்த முறை ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். யாரும் மெஷினைத் திட்டவில்லை. ராஜினாமாவைக் கொடுத்தேன். மருமகனைப் பற்றி ஒரு தீர்மானமும் இல்லை. அவர் அன்று வந்து நின்றதை ஊர் பார்த்திருக்கிறது.

இனி ஒரு கோப்பைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். சங்கத்தில் ஒருவர், அந்த வீட்டுப் பெண் ஒருத்தி. இருவரும் அவரவர் கடவுச்சொல்லைப் போட்டால்தான் திறக்கும். முன்பே இப்படிச் செய்திருக்கலாமே என்று வியாகுலம் கேட்டார். "முன்னாடி கேட்டப்போ செயலாளரே போதும்னு சொன்னீங்களே" என்றாள் பூங்கோதை. மதியத்துக்குள் நாற்பத்திரண்டு வள்ளங்கள் மறைப்பில்லாமல் பதிந்தன. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 24, திங்கள்

கித்தேரி சந்தைக்குப் போயிருந்தாள். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மதலேனாள் வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். கீரையில் ஒரு கொத்தை எடுத்து அவளும் ஆய ஆரம்பித்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கி அந்த எண்ண நான் எம்புட்டோ நெனச்சுப் பாத்தேன், வரல. ஒங்களுக்கும் அப்படித்தான் வராம இருந்துச்சா? மருமவன் வந்த பொறவுதான் ஞாவகம் வந்துச்சா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லச் சொல்லித்தான் அவள் கேட்டாள்.

"இல்ல மதலேனா. ஞாவகம் இருந்துச்சு. காலையில இருந்தே இருந்துச்சு."

கையிலிருந்த கொத்தை முழுக்க ஆய்ந்து முடித்தாள். இலைகளைச் சுளகில் போட்டாள். காம்பைத் தனியே வைத்தாள். எழுந்து சேலையைத் தட்டிவிட்டு வாசல்வரை போனாள்.

"அஜின்கிட்ட நீங்க மறந்துபோனியன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். "அவன் இனிமே கடலுக்குப் போணும். ஒரு ஆள் நம்ம சாகட்டும்னு பேசாம இருந்தான்னு தெரிஞ்சா, எவனயும் நம்பி எப்படிப் போவான்? அவன் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிருங்க."

சரி என்றேன்.